பெயரும் தெருவும் சொல்லிவிட்டுப் பேசுங்கள்

எனக்கு வாய் நீளம். இதை என் அம்மா சொன்னாள், என்னோடு ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தியவர் சொன்னார், நான் பாடம் நடத்திய கல்லூரியின் முதல்வர்கள் எழுத்திலேயே கொடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைத் தென்காசியில் ஒரு சமுதாய வானொலிக்காரர்கள் கூப்பிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் நாட்டு நடப்பைப் பேசுங்க மேடம்" என்றபோது, இந்த வாய்க்கும் ஒரு பிழைப்பு வந்ததே என்று போய் உட்கார்ந்துவிட்டேன்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் நிலையம். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. கதவைச் சாத்தினால் கீழே பஸ் ஹாரன்கூடக் கேட்காது. செய்தி வாசிக்க எங்களுக்கு அனுமதி இல்லை, நடப்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாம். நான் சொன்னேன். ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதைச் சொன்னேன். கிராம சபை கூடாமலே கூடியதாக எழுதப்படுவதைச் சொன்னேன். டீக்கடைகளில் கேட்டார்கள், திட்டினார்கள், மறு வாரமும் கேட்டார்கள்.

கேட்கிறவர்களும் வாட்ஸ்அப்பில் தங்கள் குரலைப் பதிந்து அனுப்பலாம். அதற்கு நிலையத்தின் பொறுப்புக் குழு ஒரே ஒரு விதி வைத்திருந்தது. முதலில் பெயர், பிறகு தெரு, அதற்குப் பிறகுதான் பேச்சு. மொட்டைக் கடுதாசி மாதிரி வருவதைப் போடக்கூடாது. ஒவ்வொரு வாரமும் இதை நானே அதட்டலாகச் சொல்வேன். "பயமா இருந்தா பேசாதீங்க. பேசுறதுன்னா பெயரும் தெருவும் சொல்லிட்டுப் பேசுங்க." இன்று நினைத்தால் அந்த அதட்டல்தான் எரிச்சலாக இருக்கிறது. என்ன பயம் என்று எனக்கு என்ன தெரியும்?

பங்குனியில் அந்த முதல் குரல் வந்தது. ஒரு பெண், நிதானமான குரல். பெயர் சொன்னாள். அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு ஊரின் கிழக்குத் தெரு, தண்ணித்தொட்டிக்கு அடுத்த மூன்றாவது வீடு என்றாள். பிறகு சொன்னாள்: "என்னையத் தூக்கிட்டுப் போகையில வாய்க்கால்ல தண்ணி இடுப்பு மட்டும் கெடந்துது. பாதையில வேலி போட்டுட்டாவ. முன்னால தூக்குனவன் சறுக்கிட்டான். எந் தலையெல்லாம் நனைஞ்சு போச்சு. அதைச் சொல்லணும்னு தோணுச்சு."

ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் தூக்கிப்போனதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த வாரம் முழு அரை மணி நேரமும் ஆம்புலன்ஸ் போக வழியில்லாத ஊர்களைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். அந்தம்மா நல்லபடியாகத் தேறி வீடு திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன் என்றுகூடச் சொன்னேன். ஐயோ, எவ்வளவு பெரிய அறிவாளி நான்!

மறு வாரம் ஒரு ஆண் குரல். அதே தெரு. "என்னையும் அந்த வாய்க்கா வழியாத்தான் கொண்டு போனாவ. திரும்பி வரல." அவ்வளவுதான்.

எங்கள் ஒலிப்பதிவாளர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எதற்கும் அசராத ஆள். அதை நான்கு தடவை ஓடவிட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, 'திரும்பி வரல'ங்கானே. அப்ப எங்கன இருந்து பேசுதான்?"

"வாய் தவறிச் சொல்லியிருப்பார்" என்றேன்.

"பின்னால ஒரு சத்தம் கேக்குது, கேட்டியளா? போன வாரம் வந்ததுலயும் இருந்துது."

கேட்டேன். காய்ந்த சருகை யாரோ மெல்ல மிதிப்பது போல ஒரு சரசரப்பு. நடுநடுவே 'நறுக்' என்று ஒரு ஓசை. பகல் பதினொரு மணி, வெளியே சுள்ளென்று வெயில். எனக்கு முழங்கை மயிர் சிலிர்த்துவிட்டது. ஏசி அதிகம் என்று அவரைத் திட்டினேன்.

மூன்றாவது குரல் ஒரு இளம்பெண்ணுடையது. பெயர், தெரு. "அன்னைக்கு விடாத சாரல். வெறகு நனைஞ்சு என்னைய எரிக்க முடியல. பொதைச்சுட்டாவ. வாய்க்கா ஓரத்துல ஈரமாத்தான் இருக்கு." அதன் பின்னாலும் அந்தச் சருகு.

அதற்குமேல் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிப் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டே கிழக்குத் தெருவுக்கு நடந்தேன். தண்ணித்தொட்டிக்கு அடுத்த மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெண் மடியில் முறத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். முதல் குரல் சொன்ன பெயரைச் சொல்லி, இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் தலையைத் திருப்பி வீட்டுக்குள்ளே காட்டினாள்.

உள்சுவரில் படம். பிளாஸ்டிக் மாலை. ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

"எங்க மாமியா. போயி மூணு வருசம் ஆச்சு" என்றாள்.

என் போனில் இருந்த குரலை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முகத்தில் ஒரு அசைவு இல்லை. கேட்டு முடித்து, "அவுக பேசுத மாதிரிதான் இருக்கு" என்றாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். பேசிக்கொண்டே பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். முறத்தில் இலை சரசரத்தது. கத்திரி 'நறுக்' என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. கத்திரி நின்றது.

"ஏட்டி, எல்லாரும் வாங்க. ரேடியோக்காரம்மா வந்திருக்காவ" என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

முறமும் இலையுமாகப் பத்துப் பதினைந்து பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் சொன்னார்கள். கிழக்குத் தெருவுக்கு மயானம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். போக ஒரு பாதை இருந்தது, அரசாங்கக் காகிதத்தில் இப்போதும் இருக்கிறது. பக்கத்து வயல்காரர், பழைய நிலபுலம் உள்ள குடும்பம், பாதையை உழுது வேலி போட்டுவிட்டார். அன்றிலிருந்து பிணத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கித்தான் போகிறார்கள்.

"அதுக்கு ஏன் செத்தவங்க பேரு?" என்று கத்தினேன். "என்னை ஏமாத்திட்டீங்களே!"

"எங்க ஏமாத்துனோம்?" என்றாள் மருமகள். "பேரு சொன்னாத்தான் போடுவோம்னு நீங்கதான சொல்லுதிய. உசுரோட இருக்கவ பேரைச் சொன்னா மறுநாளே வயலு வேலைக்கு வராதேம்பாவ. எங்க ஆடு அவுக வரப்புல கால் வைக்க முடியாது. செத்தவுகள என்னத்தச் செய்வாவ? பேரும் நெசம், தெருவும் நெசம், பட்டதும் நெசம்."

அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயரில் அவரவர் பேசுவது என்று தெருவே கூடி ஏற்பாடு செய்திருந்தது. உயிரோடு இருப்பவர் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய விதி. எங்கள் குழுவின் விதியைவிட அது எனக்கு மேலாகப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை நான் அதிகம் பேசவில்லை. "இந்த வாரம் முதல் நீங்கள் கேட்கும் பெயர்கள் எல்லாம் அந்த வாய்க்கால் வழியாகப் போய்ச் சேர்ந்தவர்களுடையவை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குரலை ஓடவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? செங்கோட்டை வரை பேச்சாகிவிட்டது. ரேடியோவில் செத்தவர்கள் பேசுகிறார்கள் என்று குற்றாலத்தில் கடை வைத்திருப்பவர்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மனுச் செய்வது என்றால் இப்படியல்லவா செய்ய வேண்டும் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நிலையத்து போன் அடித்தது. வயதான பெண்மணி, மரியாதையான பேச்சு. அந்த வயல்காரரின் மனைவி என்று சொன்னார்.

"எங்க மாமனாரு பேரு சொல்லி யாரும் பேசுனாவளாம்மா?"

"இல்லையே."

"எங்க சுடுகாடு வேற எடந்தான். ஆனா மாமனாரும் செத்தவுக பக்கந்தான இருக்காவ." குரலைத் தாழ்த்தினார். "அவரு ஏதும் பேசுனா முதல்ல எங்க கிட்ட சொல்லிருங்கம்மா. ஊருக்குப் போட்டுராதிய."

போனை வைத்துவிட்டார். நான் சிரிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

வைகாசி கடைசியில் வந்தது இன்னொரு ஆண் குரல். இருமலோடு பேசியது. "சாகத் துணிஞ்சவனுக்குச் சமுத்திரம் முழங்கா மட்டும்பாவ. செத்துப் போன எனக்கு வாய்க்காத் தண்ணியே கழுத்து மட்டுக்கு வந்துட்டு. தூக்குனவுக நாலு பேருக்கும் ஒரு கையி எம்மேல, ஒரு கையி அவுக உசுரு மேல." நிலையத்துக்கு வந்த பதிவுகளிலேயே அது மாதிரி ஒன்று இல்லை. பின்னால் சருகுச் சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்தக் குரல் சொன்ன கிழக்குத் தெரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லி, படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டேன். அதுவே எனக்குப் பழக்கமாகியிருந்தது.

"படம் இன்னும் எடுக்கல. ஆளு இருக்கேன், பாருங்க" என்றார்.

குற்றாலத்தில் சீசன்தோறும் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். வயிற்றில் கட்டி. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர்கள் சொல்லியாகிவிட்டது. மனைவி முன்பே போய், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை, செத்த பிறகு தன் பெயரில் பேச ஆள் இருக்காது என்று தானே முன்கூட்டிப் பேசி அனுப்பியிருக்கிறார்.

"நான் போன பெறவு போடுங்க. அன்னைக்கே போடுங்க. அதைக் கேட்டுட்டாவது பாதையத் தொறந்துவிடட்டும். பொஞ்சாதியத் தண்ணியில நனைச்சுத்தான் கொண்டு போனேன். நானாச்சும் காய்ஞ்ச துணியோட போய்ச் சேரணும்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெயில் ஊறி ஊறி மெத்தென்று ஆகிவிட்ட உள்ளங்கை. சத்தியம் செய்தேன்.

ஆனி பிறந்தது. சாரல் கட்டி அடித்தது, வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. பாதையைப் பற்றிப் பேசத் திங்கட்கிழமை இரண்டு தரப்பையும் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் நான் அந்தக் குரலை எடுத்து அன்றைய நிகழ்ச்சியில் சேர்க்கச் சொன்னேன்.

"அக்கா, அவரு இருக்காருல்லா?" என்றார் ஒலிப்பதிவாளர். "சத்தியம் பண்ணுனியளே."

"திங்கட்கிழமைக்கு முன்னாடி ஊர் இதைக் கேட்கணும். அவருக்காகத்தான் செய்யுறேன்" என்றேன்.

பொய். பாதிதான் அவருக்காக. நல்ல பதிவு ஒன்று கையில் இருந்தால் ரேடியோக்காரிக்குக் கை அரிக்கும். எனக்கு அரித்தது. இவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால் குரலின் பலம் போய்விடும் என்று சேர்க்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மூன்று மாதமாகச் செத்தவர்களின் பெயரை மட்டுமே கேட்டுப் பழகிய ஊர், இவரும் செத்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டது. குரல் ஓடி முடிந்த அரை மணி நேரத்தில் அவர் வாசலில் மாலைகள் வந்து இறங்கின. சிவகிரியிலிருந்து அவருடைய அக்கா வேனில் ஆள் கூட்டி, மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தம்பி திண்டுக்குச் சாய்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே போய் உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஏனென்றால் மறியல் வந்துவிடும் என்று பயந்து, ஞாயிறு காலையிலேயே அதிகாரிகள் மண் அள்ளும் இயந்திரத்தோடு வந்துவிட்டார்கள். வேலியைப் பிடுங்கினார்கள். உழுத இடத்தில் கிராவல் கொட்டினார்கள். வாய்க்காலில் குழாய் இறக்கி மேலே மண் போட்டார்கள். இத்தனை வருடம் நடக்காதது ஒரு காலைப்பொழுதில் நடந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே வெளியில் நின்றது. பாதை முனையில் நாலைந்து போலீஸ்காரர்கள். எதிரே வயல்காரரும் அவருடைய ஆட்களும் குடைபிடித்து நின்றார்கள். ஒரு போலீஸ்காரர் மரியாதையாக, "எப்ப எடுக்கிய?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அழுகையும் இல்லை, கொட்டும் இல்லை. சாரல் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அப்போது கதவு திறந்தது. அவர்தான் வந்தார். பிணத்தின்மேல் போர்த்த அக்கா வாங்கிவந்திருந்த கோடி வேட்டி இடுப்பில், மடிப்புக்கூடக் கலையவில்லை. யாரையும் பிடித்துக்கொள்ளாமல் பாதையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். கூட்டம் விலகியது. பாதையின் நீளம் கொஞ்சந்தான், ஆனால் அவர் நடந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. போலீஸ்காரர் ஒருவர், தன்னையறியாமல்தான் இருக்கும், தொப்பியைக் கழற்றினார். வயல்காரரின் ஆட்களில் ஒருத்தன் குடையைப் போட்டுவிட்டு ஓடினான். அவர் மயானத்துக்குள் போய், மனைவியைப் புதைத்த மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்று அந்த வெள்ளை வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து வருவாரா மாட்டாரா என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வந்தார். வரும் வழியில் வயல்காரருக்கு முன்னால் நின்றார். "எத்தன சீசன் உங்க முதுகத் தேச்சு விட்டிருக்கேன். என்னயத் தெரியலையா அண்ணாச்சி?" என்றார். வயல்காரர் இரண்டடி பின்னால் போனார். முகம் வெளுத்திருந்தது.

ஆனால் பயம் ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கும். விடிந்ததும் வயல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. பிணமே இல்லாமல் பிணப்பாதை வாங்கிவிட்டார்கள், ஏமாற்று என்று ஆபீசில் போய் உட்கார்ந்தார். ஏமாந்தது அதிகாரிகளும்தானே. எனக்குப் போன் செய்து கத்தினார்கள். திங்கட்கிழமைப் பேச்சு நடக்கவில்லை. அன்று சாயங்காலமே வேலி திரும்ப வந்தது. வாய்க்காலில் இறக்கிய குழாயைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். படுத்திருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"பாதை வந்துட்டும்மா. பொணந்தான் வரல" என்றார். "ஒரு நாள் முந்திச் செத்திருக்கணும். எந் தப்புதான்."

ஆடி நடுவில் ஒரு காலை, மூன்றாவது வீட்டு மருமகள் போன் செய்து, அவர் போய்விட்டதை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் தாலுகா ஆபீசுக்குப் பேசினேன். "எத்தன தடவம்மா சாவாரு அவரு?" என்று சொல்லிவிட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள். நிலையத்தில் எல்லா நிகழ்ச்சியையும் நிறுத்தச் சொல்லி மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். இது நிஜம், நம்புங்கள் என்று கெஞ்சினேன். கீழே மருந்துக்கடையில் யாரோ, "ரேடியோக்காரி மறுபடி ஆரம்பிச்சுட்டாடோய்" என்றது நான் படியிறங்கும்போது காதில் விழுந்தது. சிவகிரி அக்காவுக்கும் பேசினேன். "போன தடவயே வந்து அழுதுட்டேனேம்மா" என்றார். வரவில்லை.

ஒரு மாலை வரவில்லை, ஒரு போலீஸ் வரவில்லை. அவரை வாய்க்காலில் இறக்கித்தான் கொண்டுபோனார்கள். தண்ணீர் தூக்கியவர்களின் மார்பு வரை வந்தது. வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. நான் கரையில் நின்றேன். கிழக்குத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் என்னைத் தாண்டித்தான் திரும்பிப் போனார்கள். ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு பதிவு வந்தது. ஒலிப்பதிவாளர் கேட்டுவிட்டு ஹெட்போனை என்னிடம் நீட்டினார். பெண் குரல். பெயர் சொன்னது. என் பெயர். நான் குடியிருக்கும் தெரு.

"நான் ரேடியோல பேசுதவ. 'நான் செத்த பெறவு போடுங்க'ன்னு ஒரு மனுசன் தந்த சொல்ல, அவரு கஞ்சி குடிச்சுட்டு இருக்கும்போதே போட்டுட்டேன். நெசமா செத்தப்ப நம்ப ஒரு ஆளு இல்ல. அவர நான்தான் தண்ணியில எறக்குனேன்." அதற்குப் பிறகு இலை வெட்டும் சத்தம் மட்டும்.

ஒலிப்பதிவாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் போட முடியாதுக்கா. அவுக செத்தவுக பேருதான சொல்லுவாவ? நீங்க இருக்கியளே."

"அந்தத் தெருவைப் பொறுத்தவரை நான் உயிரோட இல்லை" என்றேன். "பெயர் இருக்கு, தெரு இருக்கு. போடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வார்த்தை வெட்டாமல் போட்டோம்.